சாயங்காலம் வருகிறவர்களுக்கு சூப், குட்டி சாண்ட்விச்: உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?

முத்தியால்பேட்டை அக்கா, புதுச்சேரி:

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஆள் சேர்ந்துவிடும். பீச் ரோட்டில் காலாற நடந்துவிட்டு நேரே இங்கே வருவார்கள். பசி இருக்கும், ஆனால் சாப்பாடு வேண்டாம் என்பார்கள். பஜ்ஜி என்றால் நான் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியோடு நிற்க வேண்டும்; கதையெல்லாம் கூடத்தில் ஓடும். அதனால்தான் சூப்புக்கு மாறினேன்.

எல்லாருக்கும் பிடிப்பது முருங்கைக்காய் சூப். நாலு காய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள் எல்லாம் குக்கரில். ஆறியதும் காயின் சதையை ஸ்பூனால் வழித்து, பருப்போடு மசித்து வடிகட்ட வேண்டும். பருப்பே கெட்டி கொடுத்துவிடும், சோளமாவு தேவையில்லை. உப்பு போட்டு ஒரு கொதி விட்டு, கடைசியில் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவேன். காபி டம்ளரில் கொடுத்தால் ஸ்பூன், கிண்ணம் எதுவும் வேண்டாம்.

எங்கள் சின்ன மாமியார் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாருக்கும்மா ஜலதோஷம்?" என்றார். நம் பக்கம் சூப் என்றால் காய்ச்சல்காரருக்கு, இல்லாவிட்டால் ஆட்டுக்கால். இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார் என்பது வேறு விஷயம்!

கூடவே பகெத், அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டி. அன்றைக்கு வாங்கியது அன்றைக்குத்தான் மொறுமொறுப்பு. மறுநாள் விறைத்துப் போனதைச் சாய்வாக, மெல்லிசாக அரிந்து, வெண்ணெய் தடவி தோசைக்கல்லில் சிவக்க விட்டால் புதிதை விட நன்றாக இருக்கும். மேலே வைக்க என்ன செய்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம்காரன், கடலூர்:

அக்கா, டம்ளர் சூப்போடு அனுப்பினால் எங்கள் சொந்தக்காரர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மேலே வைக்க ஒன்று இருக்கிறது: சுறா புட்டு. சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, கையால் நன்றாகப் பிழிய வேண்டும். ஈரம் இருந்தால் ரொட்டி நமுத்துவிடும். சின்ன வெங்காயம், நிறைய பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி அதில் பிரட்டி, எலுமிச்சை பிழிந்து ஒரு துண்டுக்கு ஒரு ஸ்பூன். ஆறினாலும் ருசி குறையாது. சைவத்துக்குப் பண்ருட்டி முந்திரிதான். வெந்நீரில் ஊறவைத்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் தடவ வந்துவிடும். உடைத்த பருப்பே போதும், முழுசு வாங்கி அரைப்பது காசுக்குக் கேடு.

லாஸ்பேட்டை, புதிய உறுப்பினர்:

வெள்ளரிக்காய் சாண்ட்விச் செய்தால் அரைமணியில் சொதசொதவென்று ஆகிறது. தக்காளி சூப்பில் பால் விட்டால் திரிகிறது. என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை அக்கா:

உப்பு பட்டால் வெள்ளரி தண்ணீர் விடும். முன்னாடியே உப்பு தூவிப் பத்து நிமிஷம் வைத்து, துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரை தடவினால் ஈரம் உள்ளே இறங்காது. பால் திரிவது தக்காளிப் புளிப்பால். கொதிக்கும்போது ஊற்றினால் இன்னும் சீக்கிரம் திரியும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பூன் பிரெஷ் கிரீம் கலந்து பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் தம்பி சொன்ன முந்திரி விழுதையே, மிளகாய், மல்லி இல்லாமல் அரைத்துக் கரைத்துவிடலாம்.

தம்பி, சுறா எந்த அளவு வாங்குவீர்கள்? இங்கே பெரிய மார்க்கெட்டில் குட்டிச் சுறாதான் நல்லது என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்காரன்:

குட்டியே வாங்குங்கள் அக்கா. பெரிசு நார் நாராக இருக்கும். மோந்து பார்த்து வாங்குங்கள், சுறா பழசானால் மூக்கைத் துளைக்கும்.