திருவையாறு வீடு (குடும்பக் குழு)

வாணி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். இங்கே ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவேயில் குளிர்காலம் முழுக்க ஊர் வரலாறு பேசும் கூட்டம் நடக்கும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, டிசம்பர் கூட்டத்தில் என்னை இருபது நிமிடம் பேசச் சொல்கிறார்கள். காலின் மெக்கன்சியைப் பற்றி. அவர் இந்த ஊர்க்காரர்.

கலா அத்தை: வாழ்த்துகள் கண்ணு 🌹🌹🌹

செந்தில்: யார் அது

பெரியப்பா: வரலாறு பட்டம் வாங்கியவன் கேட்கிற கேள்வியா இது? 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். மைசூர் நாட்டை அளந்தவர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். 1821இல் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அளக்கப் போன இடமெல்லாம் கல்வெட்டுப் படி, நாணயம், ஏடு, பாளையக்காரர் வம்சாவளி, ஊர்க் கைபீது (ஊரார் சொன்ன ஊர் வரலாறு) என்று சேர்த்து வைத்தார். இறந்த பிறகு கம்பெனி அரசாங்கம் அவர் மனைவியிடம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியது. அதில் ஒரு பகுதிதான் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. வாணி, விரிவாக எழுதி அனுப்புகிறேன். பத்துப் பக்கம் வரும்.

ரம்யா: இருபது நிமிடம்தான் பெரியப்பா 😄

கலா அத்தை: ஞாயிற்றுக்கிழமையா கூட்டம்?

வாணி: ஞாயிறு இங்கே ஒன்றும் நடக்காது அத்தை, எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். வியாழன் சாயங்காலம். சாயங்காலம் என்ன, மூன்றரைக்கே இருட்டிவிடும்.

வாணி: பெரியப்பா, தேதியெல்லாம் அவர்களுக்கே தெரியும். போன கூட்டத்தில் ஒரு பாட்டி இயோலேர் கப்பல் கதை சொன்னார். 1919 புத்தாண்டு அன்று விடிவதற்கு முன், போர் முடிந்து வீடு திரும்பிய ஆட்களோடு வந்த கப்பல், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் மோதி 201 பேர் போய்விட்டார்கள். தீவின் வடக்கே நெஸ் பக்கத்து ஜான் மக்லவுட் கயிற்றோடு நீந்திக் கரையேறினார், அந்தக் கயிற்றைப் பிடித்து நாற்பது பேர் அளவில் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கடைசிவரை வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாட்டி எழுந்துகூட நிற்கவில்லை. மடியில் தேநீர்க் கோப்பை, ஒரு கையால் கயிற்றை இழுத்து இழுத்துக் காட்டினார். இன்னார் மகன், இன்ன வீடு என்று ஒவ்வொருவரையும் சொல்லித்தான் நகர்ந்தார். அந்தக் கூட்டத்தில் போய் நான் ஆண்டு வரிசை வாசிக்க முடியாது.

பிரபு: அக்கா நானும் வரட்டுமா, கிளாஸ்கோவில் இருந்து எப்படி

வாணி: உல்லாபூல் வரை பஸ், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் கப்பல். காற்று அடித்தால் ரத்து செய்துவிடுவார்கள், முந்தின நாளே வா. வரும்போது இட்லி அரிசி.

வாணி: நான் பேச நினைப்பது நடந்து நடந்து சேகரித்தவர்களைப் பற்றி. மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது. காவலி வேங்கட போரய்யா, அவர் 1803இல் இறந்த பிறகு தம்பி லட்சுமய்யா, அவர்களுக்குக் கீழே இன்னும் பலர். இவர்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். அதைச் சொன்னால் இந்த ஊருக்குச் சட்டென்று புரியும். காட்டுவதற்கு நம் பரணில் இருந்த ஏட்டுக்கட்டின் படம் யாரிடமாவது இருக்கிறதா?

செந்தில்: அதைப் பெரியப்பாவிடம்தான் கேட்க வேண்டும்

பெரியப்பா: நான் விற்கவில்லை. எத்தனை தடவை சொல்வது. ஆடிப்பெருக்கு அன்று அம்மாதான் காவிரியில் விட்டார். பழைய ஏட்டை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று அப்போது நிறைய வீடுகளில் செய்தார்கள்.

கலா அத்தை: அம்மா விட்டது பாதிதான் அண்ணா. நான் படித்துறையில் கூடவே நின்றேன். விளக்கு வைத்து, பூப் போட்டு, ஒவ்வொரு கட்டாக விட்டார். மஞ்சள் துணி சுற்றியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்.

ரம்யா: அத்தை!! இதை இப்போதுதான் சொல்கிறீர்களா

கலா அத்தை: யார் கேட்டீர்கள்

பெரியப்பா: கலா, போனில் பேசு.

செந்தில்: இங்கேயே பேசலாமே

சித்தி: வளைகாப்பு தை 5ஆ 12ஆ? மண்டபத்தில் முன்பணம் கேட்கிறார்கள்

வாணி: அத்தை, ஏடு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. படித்துறையில் பார்த்ததை உங்கள் குரலிலேயே பதிவு செய்து அனுப்புங்கள். கூட்டத்தில் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொல்கிறேன். அப்பாயி பெயரோடு சொல்லுங்கள்.

கலா அத்தை: எனக்கெல்லாம் பேச வராது கண்ணு. சரி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன்.

பெரியப்பா: முதலில் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ரம்யா: திருத்த வேண்டாம் பெரியப்பா, அப்படியே இருக்கட்டும்

பிரபு: இட்லி அரிசி எத்தனை கிலோ

சித்தி: 12 என்றே சொல்லிவிடட்டுமா? யாராவது பதில் போடுங்கள்