ராஜ்மஹால் மலைகளில் ஊழியம்: செவிலியருக்கு அங்கே அன்றாட வேலை என்ன?

கேள்வி (நாசரேத் சகோதரி):
அன்பானவர்களுக்குத் தோத்திரம். நானும் என் கணவரும் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மஹால் மலைகளில் வாழும் மால்டோ மக்களிடையே ஊழியம் செய்ய ஒப்புக்கொடுத்திருக்கிறோம். நான் செவிலியர், அவர் ஆசிரியர். எங்களுக்குச் சிறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மிஷனெரிக் கூடுகைகளில் கேட்கும் சாட்சிகள் உள்ளத்தை அசைக்கின்றன. ஆனால் காலையில் எழுந்தால் அங்கே என்ன வேலை, காய்ச்சலோடு ஒருவர் வந்தால் நான் எதுவரை செய்யலாம் என்பதெல்லாம் அவற்றில் வருவதில்லை. அங்கே இருந்தவர்கள் மறைக்காமல் எழுதுங்கள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற மிஷனெரி செவிலியர்):
தங்கச்சி, முதல் வேலை தண்ணீர். ஊர்கள் மலைமேல் இருக்கும், ஊற்றுகள் பள்ளத்தில் இருக்கும். பெண்களோடு நீங்களும் குடத்துடன் இறங்கி ஏறத்தான் வேண்டும். அந்த ஏற்றத்தில் நடக்கும் பேச்சில்தான் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது தெரியவரும். ஆகவே அதை வீண் வேலை என்று எண்ணிவிடாதீர்கள்.

காய்ச்சல் என்றால் அங்கே இரண்டை நினைக்க வேண்டும். ஒன்று மலேரியா, மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகையும் இருப்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. மற்றொன்று மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் என்ற நோய். இரண்டு வாரத்திற்கு மேல் காய்ச்சல் நீடித்து, மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து வருபவரைக் கண்டால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காலா அசாரைக் கண்டறியும் ஆர்கே39 இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முன்பு வாரக்கணக்கில் ஊசி போட்ட நோய்க்கு இப்போது லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் மருந்தை நரம்பு வழியாக ஒரே தடவை செலுத்துகிறார்கள், அதுவும் இலவசம். குணமான பிறகு சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமல்கள் தோன்றினால் திரும்பவும் காட்ட வேண்டும், ஏனெனில் அவர்களிடமிருந்தும் நோய் பரவும்.

அந்த நோயைப் பரப்பும் மணல் ஈ, கொசுவைவிடச் சிறியது. சாதாரண கொசுவலையின் கண்ணிக்குள் நுழைந்துவிடும். மண்சுவரின் ஈரமான வெடிப்புகளிலும் மாட்டுக்கொட்டிலிலும் தங்கும். பூச்சிமருந்து தெளிக்க ஆள் வரும்போது வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைக்க மக்கள் தயங்குவார்கள். உங்கள் வீட்டில் முதலில் தெளிக்கச் சொல்லுங்கள். ஊரில் அரசு சுகாதாரத் திட்டத்துக்காக வேலை செய்யும் ஆஷா பணியாளரை அங்கே ‘சஹியா’ என்பார்கள். அவரை மீறி நீங்களாக மருத்துவம் பார்ப்பதைவிட, நோயாளியோடு அவரையும் கூட்டிக்கொண்டு மலையிறங்குவதுதான் நல்லது.

பதில் 2 (திருநெல்வேலி சகோதரர்):
அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றுவது குற்றம், மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். மருந்துப் பெட்டியையும் ஆராதனையையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அதுவே முறை என்பது என் எண்ணம். மாத்திரைக்காக ஜெபத்துக்கு வருபவரால் சபைக்கும் பயனில்லை, அவருக்கும் பயனில்லை.

மொழியைப் பொறுத்தவரை, சந்தைக்கும் அலுவலகத்துக்கும் இந்தி போதும். வீட்டுக்குள் போக மால்டோ வேண்டும். அது திராவிட மொழி என்பதால் தமிழருக்குத் தானாக வந்துவிடும் என்று கூடுகைகளில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷனெரி எர்னஸ்ட் ட்ரோஸ் 1884-லேயே அதற்கு இலக்கணம் எழுதியிருக்கிறார், ஆனாலும் கயிறு திரிக்க உதவும் சபாய் புல்லை மக்கள் அறுக்கும் இடத்தில் உட்கார்ந்து கற்பதற்கு ஈடாகாது.

பதில் 3 (மிஷனெரி பிள்ளை):
அக்கா, மகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் விடுதியில் வளர்ந்தவன். படிப்புக்குக் குறையில்லை, ஆனால் கோடை விடுமுறையில் பணித்தளத்துக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் ஊராருக்கே நேரம் கொடுப்பார்கள். விடுமுறை நாட்களை அவளுக்கென்று ஒதுக்கும்படி இப்போதே உங்களை அனுப்பும் மிஷனெரி ஸ்தாபனத்திடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி வயதில் உங்களோடு வைத்திருக்க முடிந்தால், அண்ணன் ஆசிரியர்தானே, அவரே கற்பிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. வலையின் கண்ணி எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், அம்மா?

பதில் 1:
கண்ணி மட்டும் போதாது, தங்கச்சி. பூச்சிமருந்து ஏற்றிய வலையாக வாங்குங்கள். மழைக்காலத்தில் பாதை வழுக்கும், மழை முடியும்போது மலேரியா கூடும். ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் போய்ச் சேருவது உத்தமம்.