ஒரே என்எஃப் கப்பா பி தானே உள்ள போகுது, டிஎன்எஃப் மட்டும் ஏன் முதல்ல வருது?

காரைக்குடிக்காரி:
எம்எஸ்சி பயோடெக் படிக்கிறேன், செமினார்ல இந்த டாபிக் தலையில விழுந்துருச்சு. மேக்ரோபேஜுக்கு (கிருமிய விழுங்குற நோயெதிர்ப்புச் செல்) எல்பிஎஸ் (பாக்டீரியா மேலுறையில இருக்குற பொருள்) குடுத்தா, ஜீன்கள ஆன் பண்ற புரோட்டீனான என்எஃப் கப்பா பி கொஞ்ச நிமிஷத்துல நியூக்ளியஸுக்குள்ள போயிருது, அழற்சியக் கெளப்புற சிக்னல் புரோட்டீனான டிஎன்எஃப்போட எம்ஆர்என்ஏ (ஜீனோட நகல், இதப் பாத்துதான் புரோட்டீன் உருவாகும்) ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறிருது, சரி, ஆனா அதே மாதிரி சிக்னல் புரோட்டீன்களான ஐஎல்-6, ஐஎல்-12 எல்லாம் சில மணி நேரம் கழிச்சுதான் நல்லா வருது. ஆன் பண்றது ஒரே ஆளுதானே, அப்புறம் எதுக்கு இந்த வரிசை? மேடம்கிட்ட கேட்டா "குரோமாட்டின்"னு (டிஎன்ஏ புரோட்டீனோட சுத்திக் கட்டியிருக்குற அமைப்பு) ஒத்த வார்த்தையில முடிச்சுட்டாங்க.

தேவகோட்டை ரஸ்தா:
மேடம் சொன்னது பாதிதான் தங்கச்சி. நம்ம பக்கத்துப் பெரிய வீட்ட நெனச்சுக்க, வளவுக்குள்ள வந்துட்டா மட்டும் எல்லா அறைக்குள்ளயும் போயிர முடியுமா, பங்காளிக ஆளாளுக்குப் பூட்டு போட்டு வச்சிருப்பாங்க. டிஎன்எஃப் ஜீன் எல்பிஎஸ் வர்றதுக்கு முன்னாடியே தெறந்துதான் கெடக்கு. ஐஎல்-12ஓட ஒரு பாதியான பி40 ஜீன்ல நியூக்ளியோசோம் (புரோட்டீன் உருண்டையில டிஎன்ஏ சுத்துன கட்டு) மறிச்சு உக்காந்திருக்கு, மொதல்ல அத நகத்தணும். ஐஎல்-6க்கு கூடுதலா ஐ கப்பா பி ஸீட்டானு ஒரு புரோட்டீன் வேணும், அதையே என்எஃப் கப்பா பி தான் முதல் ரவுண்டுல செய்ய வைக்குது, அது தயாராகுற வரைக்கும் ஐஎல்-6 காத்துக்கெடக்க வேண்டியதுதான். செமினார்ல சைக்ளோஹெக்ஸிமைட் எக்ஸ்பரிமெண்ட கண்டிப்பா சொல்லு. அந்த மருந்தப் போட்டுப் புதுப் புரோட்டீன் செய்ய விடாம தடுத்துட்டு எல்பிஎஸ் குடுத்தா டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ வரும், ஐஎல்-6 படுத்துரும்.

கண்டனூர்க்காரன்:
உள்ள போனது உள்ளயே உக்காந்திருக்காதுங்கறதையும் சேத்துக்கங்க. என்எஃப் கப்பா பி ஆன் பண்ற ஜீன்ல ஐ கப்பா பி ஆல்ஃபாவும் ஒண்ணு, அது புதுசா உருவாகி வந்து இதையே புடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிரும், சிக்னல் இன்னும் இருந்தா ஐகேகேங்கற என்சைம் அத மறுபடி அழிய வைக்கும், திரும்ப உள்ள. டிஎன்எஃப் குடுத்த செல்கள்ல ஏறக்குறைய 100 நிமிஷத்துக்கு ஒருதடவ இப்படி போயிட்டு வர்றத மைக்ரோஸ்கோப்புலயே பாத்திருக்காங்க.

காரைக்குடிக்காரி:
அப்ப சைக்ளோஹெக்ஸிமைட் போட்டா ஐ கப்பா பி ஆல்ஃபாவும் புதுசா வராதே அண்ணே, என்எஃப் கப்பா பி உள்ளயே மாட்டிக்காதா?

தேவகோட்டை ரஸ்தா:
மாட்டிக்கும், அதான் சில ஜீன் கொறையறதுக்குப் பதிலா சைக்ளோஹெக்ஸிமைட் போடாம எல்பிஎஸ் மட்டும் குடுக்கறத விட ஏகத்துக்கு ஏறும். சூப்பர் இண்டக்ஷன்னு சொல்வாங்க. வைவால இந்த எடத்துலதான் புடிப்பாங்க, ஸ்லைடு போட்டு வச்சுக்க.

கண்டனூர்க்காரன்:
எம்ஆர்என்ஏ ஆயுசையும் விட்றாதீங்க. டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ வால்ல ஏ, யூங்கற ரெண்டு எழுத்து (பேஸ்) நெறைய இருக்கு, டிடிபினு ஒரு புரோட்டீன் அதுல ஒட்டி சீக்கிரம் சிதைக்க வச்சிரும். கிராஃப் சட்டுன்னு எறங்குதுன்னா ஜீன் ஆஃப் ஆயிருச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க.