மூடுபனிச் சன்னலா, மேசை விளக்கா? வீட்டில் எடுக்கும் லோ-கீ தற்படம் குறித்து

குன்னூர்ப்பனி:
தன்னைத் தானே இருள் சூழப் படமெடுக்க, அதாவது லோ-கீ தற்படம் எடுக்க, விரும்புவோர் முதல் வேலையாகப் பிளாஷ் வாங்கக் கிளம்புகிறார்கள். நம் மலையில் அது வீண் செலவு என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் குன்னூரில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், வெயிலின் கடுமை சிறிதும் இல்லாத ஒளி பகல் முழுவதும் சன்னலில் நிற்கிறது. திரைச்சீலையை இழுத்து ஒரு சாண் அகலம் மட்டும் திறந்து வைத்து, பக்கவாட்டில் அமர்ந்து, முகத்தின் மறுபக்கத்தில் ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிட்டால் வேறெதுவும் தேவையில்லை.

கோத்தகிரி இருட்டறை:
மறுக்கிறேன். லோ-கீ என்பது குறைந்த ஒளியில் எடுப்பதன்று. ஒளி எங்கே விழக்கூடாது என்பதைத் தீர்மானித்து எடுப்பது. நீங்கள் சொல்லும் சன்னல் ஒளி அறைக்குள் நுழைந்ததும் சுண்ணாம்படித்த சுவர்களில் பட்டு நாற்புறமும் சிதறி, நிழல் விழ வேண்டிய கன்னத்தையும் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. மேலும், மூட்டம் அடர்ந்து கலையும்போதெல்லாம் ஒளியின் அளவும் மாறுவதால், ஒரு படத்துக்கு வைத்த அளவு அடுத்த படத்துக்குப் பொருந்துவதில்லை.

இரவில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்ட மேசை விளக்கை முகத்திலிருந்து அரை மீட்டரில் வையுங்கள். பின்சுவர் விளக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால், தொலைவு நான்கு மடங்கு என்பதால் சுவரில் விழும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது நான்கு ஸ்டாப் (ஒளி பாதியாகக் குறைந்தால் ஒரு ஸ்டாப்). வெள்ளைச் சுவர்கூட ஏறத்தாழக் கருப்பாகிவிடும். அகலமான சன்னலுக்கு அருகில் அமரும்போது ஒளி இவ்வளவு விரைவாகத் தேய்வதில்லை.

குன்னூர்ப்பனி:
அகலமான சன்னலைப் பற்றி நான் பேசவே இல்லை. ஒரு சாண் திறப்பைத்தான் சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை விழுங்கத்தான் கருப்புத் துணி. சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய பருத்தி வேட்டியே போதும் (பாலியெஸ்டர் வேண்டாம், பளபளக்கும்). மேசை விளக்கிலோ மூக்கின் நிழல் உதட்டின் மேல் கத்தி கீறியது போல் விழுகிறது. மலிவான பல்பு என்றால் படத்தில் பட்டை பட்டையாக வரிகளும் விழுகின்றன. ரெம்பிராண்ட் 17ஆம் நூற்றாண்டில் தன் முகத்தை இருளிலிருந்து எழுப்பியது பல்பு வைத்துக்கொண்டா?

கோத்தகிரி இருட்டறை:
ரெம்பிராண்ட் தூரிகை பிடித்தவர். வேண்டாத ஒளியின் மேல் கருஞ்சாயம் பூசிவிட முடியும். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

வரிகளுக்குக் காரணம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இத்தகைய பல்புகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதுதான். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். நிழலின் கடுமை குறைய, விளக்குக்கு முன்னால் சற்று இடம் விட்டு டிரேசிங் தாளை நிறுத்துங்கள். ஒளி பக்கவாட்டில் கசியாதிருக்கக் கருப்பு சார்ட் தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டுங்கள். அதே வேலைக்கு உறிஞ்சுகுழல்களை அடுக்கி வலை செய்யச் சொல்லும் காணொளிகள் நீலகிரியில் பயன்படா. இங்கே பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை உண்டு.

கொடைக்கானல் வாசகர்:
இருவரும் ஒளியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேமராவுக்குப் பின்னால் ஆளே இல்லை என்பதை மறந்துவிட்டீர்கள். முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்சின் திறப்பை எஃப் 2.8இல் (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) வைத்து ஒன்றரை மீட்டரில் அமர்ந்தால், கூர்மை கிடைக்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. தலை சற்றுச் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். நாற்காலியில் முகம் வரும் உயரத்துக்கு ஒரு குடையை நிறுத்தி, அதன் கைப்பிடியில் ஃபோகஸ் செய்து, தானியங்கி ஃபோகஸை நிறுத்திவிட்டுப் பிறகு டைமரை அழுத்துவதே என் வழி. டிரேசிங் தாளுக்குப் பின்னுள்ள அந்த விளக்குக்கு எஃப் 2.8, 1/50 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 400 ஏறக்குறையச் சரியாக வரும். ஆழம் வேண்டி எஃப் 8க்குப் போனால் ஐ.எஸ்.ஓ. 3200 ஆகிவிடும், படமும் புள்ளி புள்ளியாகும். ஆகவே பிளாஷ் அப்படியொன்றும் வீண் செலவில்லை.

குன்னூர்ப்பனி:
என் சன்னல் ஒளிக்கு எஃப் 5.6, 1/13 நொடி, அதே ஐ.எஸ்.ஓ. 400. தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்து மூச்சை அடக்கினால் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கலாம். பகல் ஒளிக்கு மினுக்கம் என்ற தொல்லையும் கிடையாது. ஒன்றில் மட்டும் கோத்தகிரி நண்பரோடு உடன்படுகிறேன்: ஒளி படும் கன்னத்தை முறையான அளவில் எடுக்க வேண்டும். படம் முழுவதையும் இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் முகத்தைத் தூக்கினால், நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

கோத்தகிரி இருட்டறை:
அப்படியானால் ஒரு சோதனை. எல்லா அளவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, என் விளக்கை அணைத்து ஒரு படமெடுக்கிறேன். அது முழுக் கருப்பாக வந்தால் அறையில் வேண்டாத ஒளி இல்லை என்று பொருள். நீங்கள் அந்த ஒரு சாணையும் மூடிவிட்டு இதையே செய்து, மற்ற சன்னல்களின் வழியாகவும் கதவிடுக்கின் வழியாகவும் வரும் ஒளி என்ன செய்கிறது என்று பாருங்கள்.

குன்னூர்ப்பனி:
கதவிடுக்குக்குப் பழைய போர்வை இருக்கிறது. நாளை பனி இறங்கியதும் இரண்டு படங்களையும் இங்கேயே இடுகிறேன்.