பழைய புரோட்டோன் வீரா: வண்டியை நிறுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் கனக்கிறது, ரேக்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – பட்டர்வொர்த்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டின் புரோட்டோன் வீரா 1.5, ஆட்டோ கியர். அப்பா பார்த்துப் பார்த்துப் பராமரித்த வண்டி என்பதால் அதை விற்க எனக்கு மனமில்லை. சில வாரங்களாக, பினாங்குப் பாலத்து நெரிசலைக் கடந்து ஜெலுத்தோங்கில் உள்ள அலுவலகத்தின் அடுக்கு நிறுத்துமிடத்தில் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது, ஸ்டீயரிங் இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் உடனே இலேசாகிவிடுகிறது. பாலத்தின் மேல் ஓடும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. காலையில் வண்டியைக் கிளப்பி முதல் திருப்பம் திருப்பும்போது மட்டும், முன்பக்கத்திலிருந்து நீண்ட முனகல் ஒன்று கேட்கிறது. கீழே எண்ணெய் சொட்டவில்லை.

வீட்டுக்கு அருகிலுள்ள வொர்க்‌ஷாப்பில் காட்டியபோது, திருப்பிப் பார்த்த கையோடு ரேக் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதி) போய்விட்டது, ரீகோன் ரேக், அதாவது புதுப்பித்த பழைய ரேக், போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பல நூறு ரிங்கிட் ஆகும் வேலை. செலவழிக்கத் தயங்கவில்லை, ஆனால் பழுது ரேக்கில்தான் என்பதை உறுதி செய்துகொள்ள என்ன வழி என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும் வண்டியின் சக்கரத்தைத் திருப்ப அதிக விசை தேவைப்படாது. ஆகவே பாலத்தின் மேல் இலேசாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் கனம் குறைவதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. எண்ணெயை அழுத்தித் தள்ளி ஸ்டீயரிங்கை இலேசாக்கும் பம்பைச் சுழற்றுவது இஞ்சின்தான். இஞ்சின் வேகம் கூடினால் பம்பு தள்ளும் எண்ணெயும் கூடும். ரேக்கின் உள்சீல் தேய்ந்திருந்தாலும் ஓரளவுக்கு இதே அறிகுறி வரலாம். ஆனால் அப்போது ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருப்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் கனக்கிறது, முனகலும் இருக்கிறது. ரேக்கைத் தொடுவதற்கு முன் பம்புக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதே முறை.

முதலில் பெல்ட். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். வழுக்கும் பெல்ட் கீச்சிடுமே தவிர முனகாது என்பதால், உங்கள் வண்டியில் என் சந்தேகம் வேறிடத்தில்தான்.

இஞ்சினை ஓடவிட்டு, வேறொருவரை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இந்த வண்டிக்கு ஊற்றுவது டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். எண்ணெய், நல்ல நிலையில் அது தெளிந்த சிவப்பாக இருக்கும். காற்று கலந்திருந்தால் நிறம் வெளிறி, தே தாரிக்கின் மேல் நிற்பதுபோல் நுரை கட்டும். நுரை அழுத்தத்தில் சுருங்கிவிடும், எண்ணெய் சுருங்காது. அதனால்தான் காற்று கலந்தால் முனகலும் கனமும் சேர்ந்து வருகின்றன. பிறகு இஞ்சினை நிறுத்தி எண்ணெய் மட்டத்தைக் கவனியுங்கள். நிறுத்தியதும் மட்டம் 5 மி.மீ.க்கு மேல் எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். மிட்சுபிஷி வண்டிகளுக்கான அளவு இது, வீராவும் லான்சரின் வழி வந்ததுதான்.

சொட்டு விழவில்லையே, காற்று எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கிண்ணத்திலிருந்து பம்புக்கு வரும் குழாயில் அழுத்தம் கிடையாது, பம்பு அதில் உறிஞ்சுகிறது. இத்தனை ஆண்டு இஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் விறைத்து, கிளிப்பின் அடியில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால், எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். கிளிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரப்பிசுக்கு இருந்தால் அதுவே சாட்சி.

பதில் – ஆயர் ஈத்தாம்

மெக்கானிக் ஐயா சொன்னதோடு ஒன்று. முன்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் பத்திரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் எங்காவது பிடித்து நின்றால் குறை எண்ணெயில் இல்லை; பால் ஜாயிண்ட், அப்சார்பர் மேல் பேரிங், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று இறுகியிருக்கலாம். டயரின் காற்றையும் மறக்காதீர்கள்.

பதில் – கெலுகோர்

என் பெரோடுவா மைவி காரில் ஸ்டீயரிங் கனத்தபோது மீட்டரில் விளக்கு எரிந்தது. வீராவில் அப்படி எதுவும் எரியாதா?

பதில் – புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற மெக்கானிக்

எரியாது. மைவியில் மின்மோட்டார் துணை செய்கிறது. அதில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. இரண்டுக்கும் பார்க்கும் முறையே வேறு.

கேள்வி கேட்டவர் – பட்டர்வொர்த்

நீங்கள் இருவரும் சொன்னபடியே செய்தேன். தூக்கிப் பார்த்ததில் சக்கரம் முழுத் திருப்பத்துக்கும் தடையின்றிப் போனது. கிண்ணத்துக்குள் நுரை இருந்தது. இஞ்சினை நிறுத்தியதும் மட்டம் நன்றாகவே எழும்பியது. உறிஞ்சு குழாயை நெரித்தால் வளையவில்லை, பிளாஸ்டிக்போல் விறைத்திருந்தது; கிளிப்புக்குக் கீழே கருமையான பிசுக்கு. குழாய், கிளிப்புகள், எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். முனகல் அடியோடு போய்விட்டது, காலைத் திருப்பமும் சீராக இருக்கிறது. ஆனால் பாலத்தில் நீண்ட நெரிசலில் நின்று வந்த நாள்களில், நிறுத்துமிடத்தில் இன்னும் சற்றுக் கனம் தெரிகிறது. இது ரேக்தானா?

பதில் – புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற மெக்கானிக்

பெரிய தொல்லை தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மீதிக் கனத்துக்கு உள்ளே தங்கிய காற்று காரணமா என்று முதலில் பாருங்கள்: சக்கரங்களைத் தூக்கி, இஞ்சினை ஓடவிடாமல், ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பலமுறை திருப்பி, மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்றுங்கள். பிறகுதான் இஞ்சினைக் கிளப்பித் திருப்ப வேண்டும். முனையில் திருப்பிப் பிடித்தபடியே நிற்காதீர்கள். அந்நிலையில் பம்பு தன் உச்ச அழுத்தத்தில் உழைத்து, எண்ணெயைச் சுட வைத்துவிடும்.

திருப்பும்போது இஞ்சினின் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஸ்டீயரிங் அழுத்தம் ஏறியதும் ஐடிலைத் தூக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குச் சைகை தரும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் கனெக்டர் கழன்றிருந்தாலோ பச்சை பிடித்திருந்தாலோ பம்பு வேகம் குறைந்து கனக்கும். அதைச் சுத்தம் செய்ய ஒரு காசும் ஆகாது.

இரண்டிலும் குறை இல்லையென்றால், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும்போது அழுத்தம் கசிவது பம்பிலா ரேக்கிலா என்று அளந்துதான் சொல்ல முடியும். அடைப்பு வால்வு உள்ள அழுத்தமானியைப் பம்புக்கும் ரேக்குக்கும் நடுவே பொருத்தி, எண்ணெய் சூடான பின், வால்வை 5 விநாடிக்கு மேல் போகாமல் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு மூடியும் அழுத்தம் ஏறவில்லையென்றால் பம்பு தேய்ந்துவிட்டது. மூடினால் ஏறி, வால்வைத் திறந்து ஸ்டீயரிங்கை முனைவரை திருப்பும்போது ஏறாமல் நின்றால், ரேக்கின் உள்ளே கசிகிறது. இந்த மானியை வைத்திருக்கும் ஸ்டீயரிங் கடையாகப் பார்த்துப் போங்கள். அளந்து காட்டச் சொல்லி, அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு, ரீகோன் ரேக்கோ பழைய வண்டிகளின் உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் பம்போ, எது தேவையோ அதை வாங்குங்கள்.