கிட்ஹப்பை (நிரல்களைச் சேமித்துப் பகிரும் அமெரிக்கத் தளம்) விட்டு ஐரோப்பிய சர்வருக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெர்லின்வாசி:
நானே தொடங்குகிறேன். ரஸ்ட் மொழியில் எழுதிய எங்கள் சின்ன நிரல் நூலகத்தைப் போன வருடம் கோட்பெர்க்குக்கு மாற்றினோம். 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைகளைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களின் கிட்ஹப் கணக்குகளைக் கட்டுப்படுத்தினார்களே, அப்போதிருந்தே குழுவில் இந்தப் பேச்சு உண்டு. கோட்பெர்க்கும் கிட்ஹப் போன்ற தளம்தான்; அதை நடத்துவது பெர்லினில் 2018-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற சங்கம். நன்கொடையிலும் உறுப்பினர் சந்தாவிலும் நடக்கிறது.

நிரலைக் கொண்டுபோவது ஒரு வேலையே இல்லை. பழைய முகவரியையும் டோக்கனையும் (அணுகல் சாவி) கொடுத்தால் இஷ்யூ (பிழைப் புகார்), புல் ரிக்வெஸ்ட் (மற்றவர் அனுப்பும் திருத்தம்), ரிலீஸ் (வெளியிட்ட பதிப்பு) எல்லாம் கூடவே வந்துவிடும். சிஐ, அதாவது நிரலைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடுதான் படுத்தியது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு எழுதிய யாம்ல் அமைப்புக் கோப்பு, கோட்பெர்க்கை இயக்கும் ஃபோர்ஜெயோ மென்பொருளில் பெரும்பாலும் ஓடும்; ஓடாத மிச்சத்துக்குத்தான் வார இறுதிகள் போயின. மேக்கில் ஓட வேண்டிய சோதனைகளுக்கு ஒரு நண்பரின் பழைய மேக் மினியை அவற்றை ஓட்டும் ரன்னராக்கியிருக்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு கிட்ஹப் கணக்கை மூடலாமா என்றால், முடியாது. ரஸ்ட் நூலகங்களை வெளியிடும் கிரேட்ஸ்.ஐஓ-வில் புதுப் பதிப்பை ஏற்ற உள்நுழைய வேண்டும், அதற்கு அந்தக் கணக்கு வேண்டும்! வீட்டை மாற்றியாகிவிட்டது, சாவி பழைய வீட்டுக்காரரிடம்.

கோ_பித்தன்:
கோ மொழியில் இன்னும் மோசம். மாட்யூல் (நூலகத் தொகுப்பு) பெயரிலேயே கிட்ஹப் முகவரி இருக்கும். அதை மாற்றினால், நம் நூலகத்தைப் பயன்படுத்தும் எல்லோரும் அதை அழைக்கும் இம்போர்ட் வரிகளைத் திருத்த வேண்டும். முதல் நாளே சொந்த டொமைனில் பெயர் வைத்தவர்கள் தப்பித்தார்கள். நான் வைக்கவில்லை, அதனால் இன்னும் அங்கேயேதான். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை வெளியிடும் என்பிஎம்-ஐயும் 2020-இல் கிட்ஹப் வாங்கிவிட்டது, மறக்க வேண்டாம்.

ரைன்கரை:
ஜெர்மன் அரசுத் துறைகளுக்கு நிரல் எழுதும் இடத்தில் இருக்கிறேன். எங்கள் நிரல், அரசு நிரல்களுக்கான ஓப்பன்கோட் தளத்தில் இருக்கிறது. அது ஓடுவது கிட்லேப் மென்பொருளில். கிட்லேபும் அமெரிக்க நிறுவனம்தானே, இதில் என்ன இறையாண்மை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி சரியாகப் படவில்லை. மூல நிரல் திறந்திருக்கிறது, சர்வர் இங்கே இருக்கிறது. வாஷிங்டனில் ஒரு உத்தரவு போட்டு நாளைக்கே இதை நிறுத்த முடியாது. கோட்பெர்க் முன்பு பயன்படுத்திய கிட்டீ மென்பொருளைச் சுற்றி 2022-இல் ஒரு நிறுவனம் முளைத்ததும் கோட்பெர்க்காரர்கள் அதன் நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து ஃபோர்ஜெயோவைத் தொடங்கினார்களே, அந்த வழி நமக்கும் உண்டு.

கோ_பித்தன்:
அதெல்லாம் சரி. வெளியிலிருந்து யாராவது பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புகிறார்களா?

பெர்லின்வாசி:
குறைந்துதான் போனது. கிட்ஹப்பில் மிரர் (நகல்) வைத்து, ரீட்மீ அறிமுகக் கோப்பின் முதல் வரியிலேயே புது முகவரியைப் போட்டிருக்கிறோம். அப்படியும் சிலர் அங்கேதான் அனுப்புகிறார்கள். நல்ல பேட்ச் என்றால் கையால் எடுத்து வந்து சேர்த்துவிடுவேன், அனுப்பியவர் பெயரிலேயே.