படைவீரர்கள் கூடாரமிட்ட திடல் பூங்காவானது எவ்வாறு?

கேள்வி:
அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மெஹேயா ஊருக்குத் தெற்கே, நவசோட்டா ஆற்றங்கரையில் உள்ள ‘கான்ஃபெடரேட் ரீயூனியன் கிரவுண்ட்ஸ்’ என்ற இடத்துக்கு மகள் குடும்பத்துடன் சென்றிருந்தேன். மரநிழலில் பலர் உணவருந்திக்கொண்டிருந்தனர். சற்றுத் தள்ளி ஒரு பழைய பீரங்கி நின்றது. முன்னாள் படைவீரர்கள் ஆண்டுதோறும் கூடிய இடம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவர்கள் யார், ஏன் கூடினார்கள் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அவர்கள் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகப் போரிட்டுத் தோற்றவர்கள். மத்திய அரசின் ஓய்வூதியம் வடதரப்பு வீரர்களுக்கே கிடைத்தது. டெக்சஸ் அரசு தென்தரப்பினருக்கு ஓய்வூதியம் வழங்க 1899இல்தான் சட்டம் இயற்றியது. ஆகவே உடல் ஊனமுற்ற தோழர்களையும், இறந்தவர்களின் மனைவி மக்களையும் தாங்களே பேண வேண்டியிருந்தது. அந்த நோக்கத்தோடு, முன்னாள் தென்தரப்பு வீரர்கள் சங்கத்தின், தளபதி ஜோசப் ஜான்ஸ்டனின் பெயர் தாங்கிய 94ஆம் எண் கிளையினர் 1889 முதல் 1946 வரை அங்கே கூடினர். நீங்கள் கண்ட பீரங்கி, 1862 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் வால்வெர்டே போரில் வடதரப்பிடமிருந்து கைப்பற்றப்பட்டவற்றுள் ஒன்று. 1893இல் எழுப்பிய நடன மண்டபமும் இன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால், பொழுதுபோக்கு அத்திடலுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்ததன்று. குடும்பத்தோடு வந்து ஆடிப்பாடிய அந்த நாட்களிலேயே வேரூன்றிவிட்டது.

மறுமொழி 2:
எண்ணெயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1920இல் மெஹேயாவில் எண்ணெய் கிடைத்ததும், சுமார் 3,500 பேர் வாழ்ந்த ஊரில் மக்கள்தொகை 35,000ஐ நெருங்கியது. சட்டவொழுங்கு சீர்கெட்டதால் 1922 ஜனவரியில் இராணுவச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. அந்த எண்ணெய்வயலின் முதலாளி ஹம்ஃப்ரீஸ் இத்திடலில் மனமகிழ் மன்றம் அமைத்தார். முதிய வீரர்கள் மறைந்தபின் கூடுகை நின்றது. 1983இல் அரசுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இப்போது டெக்சஸ் வரலாற்று ஆணையம் பராமரிக்கிறது. அங்கிருந்து ஃபோர்ட் பார்க்கர் பூங்கா வரை துடுப்புப் படகில் செல்லலாம்.

மறுமொழி 3:
இந்த வரலாற்றின் மறுபாதி, அதே ஆற்றின் மேற்பகுதியில், கமாஞ்சி கிராசிங்கில் இருக்கிறது; அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1865 ஜூன் 19இல் டெக்சஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட நாளைக் கொண்டாடிவந்த கறுப்பின மக்கள், 1890களில் தங்கள் பணத்தில் அங்கே நிலம் வாங்கினார்கள். புக்கர் வாஷிங்டன் பூங்கா எனப்படும் அத்திடலில் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கானோர் கூடினர். 1981 விழாவின்போது காவலர்கள் கைதுசெய்து படகில் கொண்டுசென்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், படகு கவிழ்ந்து மெஹேயா ஏரியில் மூழ்கி இறந்தனர். அதன்பின் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அடுத்த முறை மகளுடன் செல்லும்போது அந்தக் கரைக்கும் அவசியம் சென்று வாருங்கள், ஐயா.